ஆற்றுக்கு அக்கரையில் அப்பா

மண்டூர்ப் பக்கம் வயல் செய்யும் ஓர் இளம் தகப்பன் ஞாயிறு தோறும் பாதையேறிக் குருமண்வெளிக்கு வருவார். மனைவியும் அவரும் நீதிமன்றத்தில் பிரிந்துவிட்டனர். ஐந்து வயது மகன் தாயின் வீட்டில் வளர்கிறான். வேலியோரம் சைக்கிளை நிறுத்தி மணியடிப்பார். பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். "பாதர், ஆற்றைக் கடந்து போறன். அந்த வளவுக் கடப்பைக் கடக்கத்தான் விடுறாங்க இல்ல" என்றார் ஒருநாள்.

விவாகரத்தைப் பற்றிக் குருவானவர் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பிரிவை நியாயப்படுத்த நான் வரவில்லை. பிரிந்தான பின் பிள்ளையின் நிலை என்ன என்பதே எனது கேள்வி.

எமது பகுதியில் இக்கேள்விக்குத் தனி முகம் உண்டு. இங்கே வீடு பெண்ணுக்குரியது. சீதனமாக வீடும் வளவும் மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பிள்ளையின் குடியும் தாயின் குடியே. முக்குவர் வழமைப்படி சொத்தும் தாய்வழியே இறங்கியது. அந்த வழமைகளை கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அவை நீதிமன்றங்களில் வலுவிழந்தன. மனங்களில் இழக்கவில்லை. ஆகவே மணமுறிவு நேர்ந்தால் வெளியேறுபவர் பெரும்பாலும் ஆண்தான். பிள்ளைக்குத் தன் பாய், தன் கிணற்றடி, அம்மம்மா எல்லாம் மிஞ்சுகின்றன. இது பெரிய ஆறுதல்; வேறு பல ஊர்களில் தாயும் பிள்ளையுமே மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வருகின்றனர். ஆனால் இங்கே தகப்பன் ஒரே நாளில் விருந்தாளியாகி, பிறகு அந்நியனாகிவிடுகிறார்.

சட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்கியது என்பது வேடிக்கை. தேசவழமை வடபகுதித் தமிழருக்கே உரியது; மட்டக்களப்புத் தமிழருக்கு இவ்விடயத்தில் உரோம டச்சுச் சட்டமே அடிப்படை. அது தகப்பனுக்கு முன்னுரிமை கொடுத்தது. 1956இல் தீர்ப்பான இவால்டி வழக்கிலும் அந்த முன்னுரிமையே மேலோங்கி நின்றது. பின்னர் பார்வை மாறியது. யாருக்கு உரிமை என்பதிலும் பார்க்கப் பிள்ளைக்கு எது நன்மை என்பதை நீதிமன்றங்கள் முதன்மையாகக் கொள்ளலாயின. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையும், தன் நலனுக்கு மாறாக இல்லாதவரை பெற்றோர் இருவரோடும் தொடர்பு வைத்திருக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. உரிமை பிள்ளையுடையது என்பதைக் கவனியுங்கள்.

கட்டுக்காப்பைத் தாய்க்குக் கொடுத்த நீதிமன்றம் பார்வையிடும் நாட்களையும் குறித்துக் கொடுக்கலாம். நிலைமை மாறினால் கட்டளையையும் மாற்றக் கேட்கலாம். தாபரிப்பு வேறு விடயம். அது நீதவான் நீதிமன்றத்துக்குரியது. 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டம் பிள்ளைச் செலவைத் தகப்பன்மேல் மட்டும் சுமத்தியது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் தாய், தகப்பன் இருவரையும் பொறுப்பாளியாக்கியது. நான் காணும் சண்டைகளில் பாதி இவ்விரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதால் வருபவை. "காசு தரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டோம்" என்று ஒரு பக்கம், "பிள்ளையைக் காட்டவில்லை, காசு எதற்கு?" என்று மறு பக்கம். இரண்டும் பிழை. பிள்ளை நுழைவுச்சீட்டு அல்ல. தகப்பனைக் காணாத மாதத்திலும் அது சோறு தின்னும்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. குடித்துவிட்டு அடித்த தகப்பன்மாரும் எம்மிடையே உண்டு. அங்கே பூட்டிய கதவு பிடிவாதமல்ல, பாதுகாப்பு. அத்தகைய வீடுகளில் இணக்கம் பேசப் போகவேண்டாம். நீதிமன்றத்தையும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நாடுங்கள். வழக்குச் செலவுக்கு வழியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போகலாம்.

மண்டூர்க் கதையில் அடி உதை இருக்கவில்லை, மானப்பிரச்சினைதான் இருந்தது. கட்டளையில் "ஞாயிற்றுக்கிழமைகளில்" என்று மட்டுமே இருந்தது. எத்தனை மணிக்கு, எங்கே, யார் பிள்ளையைக் கொண்டுவருவது என்று எவரும் பேசவில்லை. தாயும் தகப்பனும் முகம் பார்க்க மறுத்தார்கள். கடைசியில் தாய்மாமனைப் பிடித்தோம். எங்கள் குடும்பங்களில் அவர் சொல்லுக்கு இன்னும் நிறை உண்டு. முதலில் அவரும் முறைத்தார்; "அவன்ட பிள்ளையெண்டா வீட்ட விட்டுப் போயிருப்பானா?" என்றார். மருமகன் பாலர் பாடசாலையில் வரைந்த படத்தில் ஓடத்தில் ஓர் ஆள் நிற்பதைக் கண்டபின் பேச்சுக் குறைந்தது.

இப்போது மாமன் காலை ஒன்பது மணிக்குப் பையனைத் துறையடிக்குக் கூட்டிவருகிறார்; நாலு மணிக்குத் திரும்பப் பொறுப்பெடுக்கிறார். காய்ச்சல் என்றால் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். பாடசாலை அறிக்கையை இருவருமே பார்க்கவேண்டும். கோயில் திருவிழா ஒரு வருடம் இக்கரை, மறு வருடம் அக்கரை. போன மாரியில் வெள்ளத்தால் பாதை ஓடாத இரண்டு ஞாயிறுகளுக்குப் பதிலாக, பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் மண்டூரில் நிற்க விடுவதாக மாமனே வந்து சொல்லியிருக்கிறார்.