எந்தக் கிலோவைக் கழற்றுவது?

1972 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சிக்கு ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 911 கரேரா ஆர்எஸ் 2.7 என்ற காரைக் கொண்டுவந்தது. போர்ஷே குறிவைத்த பந்தயப் பிரிவில் ஒரு வகைக் காரை இறக்க வேண்டுமானால் அதே வகையில் குறைந்தது 500 கார்களாவது தயாராகியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதிக்காகவே பிறந்த கார் அது. வாங்குபவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. 700 மார்க் கூடுதலாகக் கொடுத்தால் எடை குறைந்த 'ஸ்போர்ட்' வகை கிடைக்கும். அதில் பின்சீட் இல்லை, கடிகாரம் இல்லை. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு பட்டை மட்டுமே. கண்ணாடி மெலிது, தகடும் மெலிது. பானெட்டில் இருக்கவேண்டிய உலோக முத்திரைக்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். எடை 960 கிலோ. 2,500 மார்க் கூடுதலாகக் கொடுத்தால், கழற்றியதில் பெரும்பகுதியைத் திரும்பப் பொருத்திய 1,075 கிலோ 'டூரிங்' வகை கிடைக்கும். மொத்தம் தயாரான 1,580 கார்களில் 1,308 டூரிங் வகையாகவே போயின. இலகுவான ஸ்போர்ட் வகையை 200 பேர்தான் வாங்கினார்கள். எடை குறைப்புக்காகவே உருவான காரை வாங்கியவர்களில் பெரும்பாலோர், அந்த எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளப் பணம் கட்டினார்கள்.

இந்த இரண்டு வகைகளும் சேர்ந்து இயற்பியலுக்கு ஒரு நல்ல சோதனையாக அமைந்துவிட்டன. இரண்டிலும் ஒரே 210 குதிரைத்திறன் எஞ்சின்; வித்தியாசம் 115 கிலோ எடை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட டூரிங்குக்கு 6.3 விநாடி, ஸ்போர்ட்டுக்கு 5.8 விநாடி. ஓட்டுநருக்கு 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஓடும் எடை 1,150 கிலோவிலிருந்து 1,035 கிலோவாக, அதாவது பத்தில் ஒரு பங்கு குறைகிறது. நேரமும் அதே விகிதத்தில் குறைந்தால் ஏறக்குறைய 5.7 விநாடி வர வேண்டும். கிடைத்தது 5.8. நியூட்டனின் இரண்டாம் விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் தேட வேண்டியதில்லை. ஆனால் உச்ச வேகத்தைப் பாருங்கள்: டூரிங்குக்கு 240 கிலோமீட்டர், ஸ்போர்ட்டுக்கு 245. நூற்றுக்கு மேற்பட்ட கிலோவைக் குறைத்தும் கிடைத்தது ஐந்து கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் எஞ்சின் போராடுவது காற்றோடு. காற்றுத்தடைக்குக் காரின் எடை என்னவென்று தெரியாது. ஆகவே எடை குறைப்பின் பலன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேகம் மாறும் இடத்தில், திசை மாறும் இடத்தில்தான் அது வேலை செய்கிறது.

இங்கிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. குறைந்த எண்ணிக்கையில் வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர் அதை இன்னும் இலகுவாக்க நினைத்தால், எத்தனை கிலோ என்று முதலில் கேட்கக் கூடாது. எந்தக் கிலோ என்று கேட்க வேண்டும். காரின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கிலோவின் மதிப்பு வேறு. மிக விலைமதிப்புள்ள கிலோ சக்கரத்தில் இருக்கிறது. சக்கரம் காரோடு முன்னே போவதோடு தானும் சுழல்கிறது. அதை வேகப்படுத்த எஞ்சின் இரண்டு வேலை செய்ய வேண்டும். ரிம்மின் வெளிவட்டத்தில் குறைக்கும் ஒரு கிலோ, சீட்டில் குறைக்கும் ஒன்றரைக் கிலோவுக்குச் சமம். டயரின் மேற்பட்டையில் என்றால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அதோடு சக்கரமும் பிரேக் டிஸ்க்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. மேடுபள்ளத்தில் துள்ளும் சக்கரத்தைத் திரும்பத் தரையில் அழுத்துவது ஸ்பிரிங்கின் வேலை. சக்கரம் இலகுவாக இருந்தால் அது சீக்கிரம் தரைக்குத் திரும்புகிறது, டயர் சாலையை விடாமல் பிடிக்கிறது. வார்ப்பிரும்பு டிஸ்க்குக்குப் பதில் ஏறக்குறைய பாதி எடையே உள்ள கார்பன் செராமிக் டிஸ்க் போடுவதன் பெரிய ஆதாயம் இதுதான்.

அடுத்து உயரத்தில் இருக்கும் எடை. 2003இல் பிஎம்டபிள்யூ 1,383 மட்டுமே தயாரித்த எம்3 சிஎஸ்எல் காரில் கூரையைக் கார்பன் ஃபைபரில் செய்தார்கள். மிச்சமானது ஆறேழு கிலோ. சாதாரண எம்3ஐவிட மொத்தம் 110 கிலோ குறைந்த காரில் இது சிறு தொகை. ஆனால் ஒரே குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே இருக்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 1.35 மீட்டர் உயரத்தில் ஆறு கிலோவைக் குறைத்தால், 1,500 கிலோ காரின் ஈர்ப்பு மையம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்குகிறது. அதே ஆறு கிலோவைத் தரைவிரிப்பிலிருந்து எடுத்தால் ஈர்ப்பு மையம் கொஞ்சம் ஏறவே செய்யும். எம்3 சிஎஸ்எல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையை 7 நிமிடம் 50 விநாடியில் சுற்றியது. சாதாரண எம்3க்கு ஆனது 8 நிமிடம் 22 விநாடி. இந்த 32 விநாடியை எடைக் குறைப்பின் கணக்கில் மட்டும் எழுதுபவர்களை நம்ப வேண்டாம். சிஎஸ்எல்லின் டயர்கள் பந்தய டயர்களை ஒட்டியவை, எஞ்சினுக்கும் 17 குதிரைத்திறன் அதிகம்.

முன்பின் சமநிலையும் கணக்கில் வர வேண்டும். தொடக்க கால போர்ஷே 911களில் எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருந்ததால் மூக்கு லேசாகி, வளைவுகளில் கார் பிடிகொடுக்காமல் போனது. அதைச் சரிசெய்ய அந்த நிறுவனமே முன் பம்பரின் இரு முனைகளிலும் தலா 11 கிலோ எடைக் கட்டியை ஒளித்து வைத்தது. பிறகு முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டியபின்தான் அந்தத் தேவை போனது. கிராம் கிராமாக எடை பார்க்கும் நிறுவனமே 22 கிலோவைத் திட்டமிட்டு ஏற்றியிருக்கிறது என்றால், இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இத்தனை சிரமம் எதற்கு, எஞ்சின் திறனைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நேர்ச்சாலையில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் எஞ்சின் திறன் பிரேக் பிடிக்க உதவாது, வளைவில் திரும்பவும் உதவாது. டயரின் மேல் பாரம் இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிப்பதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. பாரம் இறங்கும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு உயர்கிறது. போதாததற்கு, கூடுதல் திறன் கூடுதல் குளிர்விப்பையும் வலுவான கியர்ப்பெட்டியையும் பெரிய பிரேக்கையும் கேட்கும்; எல்லாமே எடை.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இரண்டு கார்கள் மோதினால் இலகுவான கார்தான் அதிக அதிர்ச்சியை வாங்கும். இது உந்தத்தின் கணக்கு. ஆனால் 1,400 கிலோ காரில் 50 கிலோ குறைவது நான்கு சதவீதத்துக்கும் கீழே. ஆளைக் கொல்வது அந்த நான்கு சதவீதம் அல்ல, அதை அடைவதற்காகச் சிலர் கழற்றும் பாகங்கள். ஏர்பேக்கை எடுப்பது, கதவுக்குள் இருக்கும் தாங்குச் சட்டத்தை அறுப்பது எல்லாம் நடக்கின்றன. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பந்தய சீட்டும் தோளின் இருபுறமும் இறுக்கும் பெல்ட்டும் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் கூண்டு வைக்காமல் விடுகிறார்கள். கார் உருண்டு கூரை நசுங்கினால் சாதாரண பெல்ட் அணிந்தவரின் உடல் பக்கவாட்டில் சாய இடமிருக்கிறது. தோள்களை இறுக்கும் பெல்ட்டோ அணிந்தவரை நிமிர்ந்த நிலையிலேயே கட்டிப்போட்டுவிடும்.

மிகப் பரவலான வேலை, என் கணிப்பில் மிக மோசமான வேலை, தரைத்தகட்டில் ஒட்டியிருக்கும் சத்தம் அடக்கும் தார்ப்பட்டையைப் பெயர்ப்பது. அதன்மேல் உலர்பனிக்கட்டியைக் கொட்டி, விறைத்து நொறுங்கியதும் சுத்தியலால் தட்டி எடுக்கிறார்கள். கிடைப்பது சில கிலோ, அதுவும் காரின் மிகத் தாழ்வான இடத்தில். சத்தம் நிரந்தரமாக ஏறுகிறது. தகட்டின் பூச்சு கீறினால் துரு பிடிக்கிறது. ஒருமுறை பெயர்த்ததைப் பழையபடி ஒட்ட முடியாது. ஆயிரத்துச் சொச்சமே உலகில் இருக்கும் ஒரு காரில் இதைச் செய்வதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அரிய காரைத் தொடவே கூடாது என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அவர்களின் அக்கறை உண்மையானது. கரேரா ஆர்எஸ்ஸில் 200 மட்டுமே வந்த ஸ்போர்ட் வகைக்கு இன்று டூரிங்கைவிட மிக அதிக விலை என்பதால், டூரிங் கார்கள் பலவற்றைக் கழற்றி ஸ்போர்ட் வேடம் போட்டிருக்கிறார்கள். அசல் எது என்று பதிவேடுகளைப் புரட்டித் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் குறைக்கத் தகுந்த கிலோக்களில் பல ஸ்பானரால் கழன்று ஸ்பானராலேயே திரும்ப ஏறுபவை: சக்கரம், டிஸ்க், சீட், பேட்டரி. 2010இல் போர்ஷேயே தன் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை குறைந்த லித்தியம் பேட்டரியை 2,000 யூரோவுக்குச் சற்றுக் குறைவான விலையில் விற்றது. கடுங்குளிரில் அது எஞ்சினைக் கிளப்பத் திணறும் என்பதால் வழக்கமான பேட்டரியையும் சேர்த்தே கொடுத்தது. மாற்றம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: பழையது கையிருப்பில், புதியது காரில்.

காரை இலகுவாக்க முனைபவர் முதலில் நான்கு சக்கரங்களின் மேலும் விழும் பாரத்தைத் தனித்தனியாக எடை பார்க்கட்டும். பெட்ரோல் தொட்டியில் 40 லிட்டர் குறைத்து ஊற்றினாலே 30 கிலோ குறையும். காசு செலவில்லாத அந்த 30 கிலோவில் காரின் குணம் எப்படி மாறுகிறது என்று ஓட்டிப் பார்க்கட்டும். பிறகு சக்கரம், அதன்பின் உயரத்தில் இருப்பவை. கழற்றிய ஒவ்வொன்றையும் அதற்குரிய போல்ட்டுகளோடு பெயர் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். அறுக்காமல், பெயர்க்காமல், பாதுகாப்புச் சாதனம் எதையும் தொடாமல் எத்தனை கிலோ குறைகிறதோ, அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.