மலைமேல் ஒரு கிறவல் வீதி



ஈழத்தின் வன்னிப் பகுதியில் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், நாள்தோறும் ஏழு கட்டை தூரம் கிறவல் வீதியிலே சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்குச் சென்றவன் நான். மாரியிலே சேறு, கோடையிலே செம்புழுதி. தார் வீதி எப்போது வரும் என்று ஏங்காத நாளில்லை. ஆகையால், சென்ற ஆண்டு எமது மேல்வகுப்பு மாணவன் ஒருவன், “சேர், கிறவல் ரோட்டில ஓடுறதுக்கெண்டே ஒரு சைக்கிள் இருக்கு. அப்பாவிட்டக் கேட்டிருக்கிறன்” என்று கூறியபோது எனக்குச் சிரிப்பே வந்தது. விட்டுவந்த துன்பத்தை விலை கொடுத்து வாங்குவார் உண்டோ என்று எண்ணினேன். பின்னர், கோடை விடுமுறையில் அம்மாணவனோடும் அவன் தந்தையாரோடும் நோர்வேயின் மலைவழி ஒன்றிலே சென்று வந்தேன். அவ்வழியையும் அதிற் செல்லும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறவல் சைக்கிள் என்பது யாது?

பார்வைக்கு இது பந்தய சைக்கிளைப் போலவே வளைந்த கைபிடி உடையது. வேறுபாடு சக்கரத்திலே உள்ளது. தார் வீதிக்குரிய பந்தய சைக்கிளின் ரயர் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் அகலமுடையது. கிறவல் சைக்கிளின் ரயரோ 40 மில்லிமீற்றர் அளவில் அகன்றிருக்கும். அகன்ற ரயருக்குக் குறைந்த காற்றழுத்தமே போதும். அழுத்தம் குறையும்போது ரயர் கல்லின் மீது துள்ளாமல், கல்லின் வடிவத்துக்கேற்ப அமுங்கி நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. செங்குத்தான ஏற்றங்களுக்காக மிக இலகுவான கியர்களும், ஈரத்திலும் நன்கு பிடிக்கும் தட்டு வடிவ பிறேக்குகளும் இதில் உண்டு. இன்று இது ஒரு தனி விளையாட்டாக வளர்ந்துவிட்டது. அதற்கான முதலாவது உலக சாம்பியன்ஷிப் போட்டி 2022ஆம் ஆண்டு இத்தாலியில் நடைபெற்றது.

வீதி பிறந்த வரலாறு

நாம் சென்ற வழியின் பெயர் ரல்லார்வேகன். ‘ரல்லார்’ என்றால் புகையிரதப் பாதை அமைக்க இடம்விட்டு இடம் அலைந்து வேலை செய்த கூலித் தொழிலாளர். ‘வேகன்’ என்றால் வீதி. நோர்வேயின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பேர்கன் புகையிரதப் பாதை உயர்ந்த மலைவெளியை ஊடறுத்துச் செல்ல வேண்டியிருந்தது. அங்கு வீதி எதுவும் இருக்கவில்லை. தண்டவாளமும் வெடிமருந்தும் உணவும் கொண்டுசெல்வதற்கு முதலில் ஒரு வீதி வேண்டும் அல்லவா? அவ்வீதியே 1895ஆம் ஆண்டிற்கும் 1902ஆம் ஆண்டிற்கும் இடையில் அமைக்கப்பட்டது. புகையிரதப் பாதை 1909ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் மன்னர் ஏழாம் ஹோகோனால் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் வேலை வீதியின் தேவை குறைந்தது. பிற்காலத்தில் சைக்கிளோட்டிகள் அதற்கு மறுவாழ்வு கொடுத்தனர்.

குளிர்நாட்டு மலைகளில் கிறவல் வீதிக்கு ஒரு சிறப்பும் உண்டு. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 வீதம் கூடுகிறது. நிலத்தினுள் உறையும் நீர் வீதியை மேலே தள்ளும்போது, வளையத் தெரியாத தார்ப்படை வெடித்துவிடும். கிறவலோ விலகிக் கொடுக்கும். இளவேனிலில் மீண்டும் நிரவிவிடலாம். வீதியின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, ஓரத்தில் வடிகாலும் அடியில் கல் மதகும் அமைத்தால் நீர் தங்காது.

வழியின் அமைப்பு

ஹௌகஸ்தோல் என்னும் நிலையத்திற் புகையிரதத்தை விட்டு இறங்கினோம். அது கடல் மட்டத்திலிருந்து 988 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கடலோரக் கிராமமாகிய ஃப்ளோம் வரை ஏறத்தாழ 82 கிலோமீற்றர். முதல் 27 கிலோமீற்றரில் ஏரிகளின் ஓரமாக மெல்ல ஏறிப் ஃபின்சேயை அடையலாம். 1222 மீற்றர் உயரத்திலுள்ள ஃபின்சே, நோர்வேயின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகும். பொது வீதி எதுவும் அவ்வூரை எட்டுவதில்லை. எதிரே ஹர்டாங்கர்யோக்குலன் என்னும் பெரும் பனிப்பரப்பு வெண்மையாய்த் தெரியும். தென்துருவப் பயணத்திற்கு ஆயத்தமான ஷாக்கிள்டன் இங்கு வந்து தம் கருவிகளைப் பரீட்சித்தார் என்பதை மாணவர்கள் அறிதல் நன்று.

ஃபின்சேயைக் கடந்தபின் வழி ஏறத்தாழ 1340 மீற்றர் வரை உயர்கிறது. இங்கே ஆகஸ்ட் மாதத்திலும் வீதியின் குறுக்கே பனி கிடப்பதுண்டு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பின்னர் ஹாலிங்ஸ்கைட் வழியாக இறங்கி, ஆற்றோரப் பள்ளத்தாக்குகளைக் கடந்து மீர்டால் அருகே வந்து சேர்ந்தோம். அங்கிருந்து 21 கொண்டையூசி வளைவுகள் செங்குத்தாகக் கீழே இறங்குகின்றன. ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்குள் 860 மீற்றர் இறங்கிக் கடலை அடைகிறோம்.

கவனத்திற் கொள்ள வேண்டியவை

பயணத்திற்குரிய காலம் பெரும்பாலும் யூலை நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் வரையாகும். புறப்படுமுன் பனி நிலைமையை விசாரித்தறிதல் வேண்டும். கோடையிலும் மழையும் கடுங்குளிரும் திடீரென வரும். ஆகவே கம்பளி உடையும் மழையுடையும் இன்றியமையாதன. புகையிரதத்தில் சைக்கிளுக்கான இடம் குறைவு; முற்கூட்டியே பதிவு செய்தல் நன்று. மாற்று ரியூப்பும் காற்றுப் பம்பும் தலைக்கவசமும் மறவாதீர்கள்.

இறக்கத்தில் முன் பிறேக்கைத் திடீரென இறுக்குதல் ஆபத்து. சக்கரம் சுழலாமல் வழுக்கத் தொடங்கினால் கைபிடி நம் சொற்கேளாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, இரு பிறேக்குகளையும் மெதுவாகப் பிடித்தல் வேண்டும். மீர்டால் வளைவுகளில் இறங்கி நடப்பதே அறிவுடைமை. எம்முடன் வந்த மாணவன் முதலில் நாணினான். மூன்றாவது வளைவில் ஒருவர் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டதைக் கண்டபின் தானாகவே இறங்கினான்.

கல் அடுக்கியவர்கள்

ஃபின்சேயில் ரல்லார்த் தொழிலாளரைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. குறுகிய கோடையிலும் நீண்ட பனிக்காலத்திலும் குடிசைகளில் தங்கிப் பாறை பிளந்த அம்மனிதரின் நிழற்படங்கள் முன் மாணவனின் தந்தையார் நெடுநேரம் நின்றார். அவர் எண்பதுகளின் இறுதியில் நோர்வேக்கு வந்து, வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். “இவையளும் மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்பியிருப்பினம்” என்று மட்டும் கூறினார். அம்மாணவன் தன் தந்தையின் தொழிலை நண்பர்களிடம் கூறக் கூசுபவன் என்பதை நான் அறிவேன். அன்று மாலை தேநீர் அருந்துகையில், “அப்பா, அங்க எத்தினை மணிக்கு வேலை துவங்கும்?” என்று கேட்டான். தந்தையார் சொல்லத் தொடங்கினார். இரவு பத்து மணிக்கும் அவர் முடிக்கவில்லை.

வன்னியிலே நான் மிதித்த கிறவல் வீதிக்கும் கல் சுமந்தவர்கள் இருந்திருப்பர். அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் நான் கேட்டறிந்ததில்லை. 2009ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது, இரண்டு பெட்டிகளைக் கட்டிய சைக்கிளை அவ்வீதி வழியாகவே தள்ளிச் சென்றேன். இன்று அவர்களிடம் கேட்க வழியில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலே கேட்க வழி உண்டு. மலைவழி செல்லுங்கள், உடல் உரம் பெறும், நாட்டை அறிவீர்கள். கூடவே பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எந்த வீதியால் வந்தனர் என்பதைத் தமிழிலே கேளுங்கள். பெற்றோர்களே! கேட்கும்போது மறைக்காது கூறுங்கள்.