திண்மம்: பொருளும் இயற்பியல் தன்மையும்

திண்மம் அல்லது திடப்பொருள் என்பது பருப்பொருளின் அடிப்படை நிலைகளுள் ஒன்று. நீர்மம், வளிமம் ஆகியன மற்ற நிலைகளுள் இரண்டு. தனக்கெனக் குறிப்பிட்ட வடிவமும் குறிப்பிட்ட பருமனும் கொண்ட பொருள் திண்மம் எனப்படும். நீர்மம் கொள்கலனின் வடிவத்தைப் பெறும். வளிமம் கொள்கலன் முழுவதும் பரவும். திண்மமோ எதில் வைத்தாலும் தன் வடிவிலேயே இருக்கும்.

இவ்வரையறை எளிதாகத் தோன்றினாலும் சில கேள்விகளை எழுப்புகிறது. கொட்டினால் வழிந்தோடும் மணல் திண்மமா? மழை பட்டால் கரைந்து போகும் உப்பும், பல நூற்றாண்டுகள் மழையில் நிற்கும் கருங்கல்லும் எப்படி ஒரே வகையில் அடங்கும்? ஒரு பொருள் திண்மமாக இருப்பதை முடிவு செய்வது அதிலுள்ள துகள்கள் மட்டுமல்ல. அவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, எவ்வளவு வலுவாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்பதும் ஆகும். இதை விளக்கப் பொருத்தமான சான்றுகள் விழுப்புரம் மாவட்டத்தில் அருகருகே கிடைக்கின்றன. மரக்காணத்தின் உப்பு, செஞ்சியின் கருங்கற்பாறை, திருவக்கரையின் கல்மரம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

துகள்களின் நிலை

திண்மத்தில் அணுக்கள், அயனிகள் அல்லது மூலக்கூறுகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றுக்கிடையேயான ஈர்ப்பு விசை, அவற்றின் வெப்ப இயக்கத்தை விட மேலோங்கி நிற்கிறது. ஆகவே அவை இடம் விட்டு இடம் செல்வதில்லை. ஆனால் அவை அசையாமல் இருப்பதாகக் கருதுவது தவறு. ஒவ்வொரு துகளும் தன் இடத்திலேயே நொடிக்கு லட்சம் கோடி முறைக்கும் மேலாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வெப்பநிலை உயரும்போது இவ்வதிர்வின் வீச்சு பெருகுகிறது. ஓர் எல்லையில் துகள்கள் தம் இடத்தை விட்டு நகரத் தொடங்குகின்றன. அதுவே உருகுதல்.

துகள்கள் நெருங்கியிருப்பதால் திண்மத்தை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். அவை இடம் மாறாததால் திண்மம் ஓடுவதில்லை. திண்மத்தின் இரு பொதுப் பண்புகளான குறிப்பிட்ட பருமனுக்கும் குறிப்பிட்ட வடிவத்துக்கும் இவையே காரணம்.

படிகத் திண்மம்: மரக்காணத்து உப்பு

துகள்கள் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்ட திண்மம் படிகத் திண்மம் எனப்படும். இதற்கு மிக எளிய எடுத்துக்காட்டு சமையல் உப்பு.

மரக்காணம் தமிழ்நாட்டில் உப்பு விளையும் ஊர்களுள் ஒன்று. இங்குள்ள உப்பளங்களில் உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்ற விடுகின்றனர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமானது சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. நீர் வற்றும்போது எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. குறைவாகக் கரையும் ஜிப்சம் சமையல் உப்புக்கு முன்னரே படியும். நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும். மெக்னீசியம் உப்புகள் கடைசி வரை நீரிலேயே கரைந்திருக்கும். அந்தக் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்து விட்டால்தான் உப்பு கசக்காமல் இருக்கும். நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றும் உப்பளத் தொழிலாளர் செய்வது, உண்மையில் திண்மங்களை அவை படியும் வரிசையில் பிரித்தெடுக்கும் வேலையே.

உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகளும் உள்ளன. அடுத்தடுத்த இரு அயனிகளுக்கு இடையே உள்ள தொலைவு 0.282 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உப்புக்கல்லின் ஒரு விளிம்பில் மட்டும் சுமார் 35 லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கனசதுர அடுக்கே கண்ணுக்குத் தெரியும் உப்புக்கல்லின் கனசதுர வடிவத்துக்குக் காரணம். உப்புக்கல்லை உடைத்தாலும் அது பெரும்பாலும் தட்டையான முகங்களோடு செங்கோணத்தில் பிளக்கும்.

உப்பை உருக்க 801 டிகிரி செல்சியசு வெப்பநிலை வேண்டும். ஆனால் அதே உப்பு சாதாரண நீரில் சில நொடிகளில் கரைகிறது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின் தன்மையும் மறுபக்கம் சற்று எதிர்மின் தன்மையும் கொண்டது. ஆகவே நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து, அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகின்றன. பருவம் தவறிப் பெய்யும் ஒரு மழை, பல நாள் உழைப்பில் விளைந்த உப்பை மீண்டும் உவர்நீராக்கி விடுவது இதனால்தான். திண்மத்தின் உறுதி என்பது சூழலையும் பொறுத்தது என்பதை உப்பளத் தொழிலாளர் ஒவ்வோர் ஆண்டும் நேரில் காண்கின்றனர்.

படிகத்தின் அளவும் காலமும்

படிகம் வளரக் கிடைக்கும் காலத்தைப் பொறுத்து அதன் அளவு அமைகிறது. பனை வெல்லமும் பனங்கற்கண்டும் பதநீரிலிருந்தே கிடைக்கின்றன. பாகைக் கிளறி விரைவில் ஆற வைத்தால் நுண்ணிய துகள்களாலான வெல்லம் கிடைக்கும். பாகை நூல்களுடன் பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் பல வாரங்கள் வைத்திருந்தால் பெரிய கற்கண்டுப் படிகங்கள் வளரும்.

இதே விதி பாறைகளுக்கும் பொருந்தும். புவியின் ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்ந்த பாறைக்குழம்பு, கண்ணால் காணக்கூடிய பெரிய மணிகள் கொண்ட கிரானைட்டு ஆனது. எரிமலையிலிருந்து வெளியேறி விரைவில் குளிர்ந்த குழம்பு, நுண்மணிகள் கொண்ட பசால்ட்டு ஆனது.

கருங்கல்: பல திண்மங்களின் தொகுப்பு

செஞ்சிக் கோட்டை அமைந்துள்ள குன்றுகள் கிரானைட்டு வகைப் பாறையால் ஆனவை. இப்பாறை ஒரே பொருளன்று. குவார்ட்சு, பெல்சுபார், மைக்கா முதலிய கனிமங்களின் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த தொகுப்பு. உப்பைப் போல இதற்கு ஒரே உருகுநிலை கிடையாது. சூடேற்றினால் ஒவ்வொரு கனிமமும் வெவ்வேறு வெப்பநிலையில் உருகத் தொடங்கும்.

குவார்ட்சில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிசன் அணுக்களோடு சகப்பிணைப்பால் இணைந்து, முப்பரிமாண வலையாக விரிகிறது. இந்த வலையை நீர் எளிதில் பிரிக்க முடியாது. உப்பு கரையும் மழையில் கருங்கல் நிற்பதற்கு இதுவே விடை. 1812இல் பிரெடெரிக் மோசு வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, குவார்ட்சு 7, சமையல் உப்பு ஏறத்தாழ 2 முதல் 2.5 வரை.

ஆயினும் கருங்கல்லும் மாறாதது அன்று. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அதிலுள்ள கனிமங்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. விரிசல்களில் புகும் நீர் பெல்சுபாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. மூலைகள் விரைவில் தேய்வதால் பாறைகள் உருண்டை வடிவம் பெறுகின்றன. செஞ்சிக் குன்றுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகள் இவ்வாறு உருவானவை.

அழுத்தமும் இழுவிசையும்

திண்மத்தின் வலிமை, விசை செயல்படும் விதத்தைப் பொறுத்து மாறும். கருங்கல் அழுத்தத்தைப் பெருமளவு தாங்கும். இழுவிசையை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தாங்கும். கல்தச்சர்கள் பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, உளி அல்லது ஆப்பு இறக்கி அடிக்கும்போது பாறை நேர்கோட்டில் பிளப்பது இதனால்தான். ஆப்பு பாறையை நசுக்குவதில்லை. இருபுறமும் இழுத்துப் பிரிக்கிறது.

ஒரு கல் உத்தரத்தின் மேல் பாரம் ஏற்றினால் அதன் மேற்பகுதி அழுத்தப்படும், அடிப்பகுதி இழுபடும். விரிசல் அடிப்பகுதியில்தான் தொடங்கும். எனவே கல் உத்தரத்தை அதிக நீளத்துக்குத் தாங்கலின்றி வைக்க முடியாது. பிரம்மதேசத்தில் உள்ள சோழர் காலக் கோயில்கள் உள்ளிட்ட கற்கோயில்களின் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு இந்த இயற்பியல் தேவை ஒரு முக்கியக் காரணம்.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் உள்ள மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி இக்கோயில் ஆக்கப்பட்டதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. தனித்தனித் திண்மங்களை இணைத்துக் கட்டுவதற்கு மாறாக, ஒரே திண்மத்திலிருந்து வேண்டாததை நீக்கி உருவாக்கிய கட்டடம் இது.

உலோகங்கள் கல்லைப் போல நொறுங்குவதில்லை. அவற்றில் அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியும். பொதுவான எலக்ட்ரான்கள் அப்போதும் அவற்றைப் பிணைத்து வைக்கின்றன. அதனால் இரும்பைக் கம்பியாக நீட்டலாம்; செம்பைத் தகடாக அடிக்கலாம். இன்றைய கான்கிரீட்டு உத்தரங்களின் அடிப்பகுதியில் இரும்புக் கம்பி வைக்கப்படுவது, கல்லுக்கு இல்லாத இழுவிசை வலிமையைத் தருவதற்காகவே.

கல்லான மரம்: திருவக்கரை

வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா அமைந்துள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. இங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழைமையானவை எனக் கணிக்கப்பட்டுள்ளது. கிளையும் இலையும் இன்றி அடிமரங்களாகவே கிடப்பதால், இவை வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு ஆற்று மணலில் புதைந்தவை எனப் புவியியலாளர் கருதுகின்றனர்.

மணலுக்குள் காற்றோட்டம் குறைவாக இருந்ததால் மரம் விரைவில் மட்கவில்லை. சிலிக்கா கரைந்திருந்த நிலத்தடி நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்தது. அதிலிருந்து சிலிக்கா சிறிது சிறிதாகப் படிந்து, மரப்பொருளின் இடத்தை நிரப்பியது. மரத்தின் வளையங்களும் கணுக்களும் அப்படியே தெரிகின்றன. மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்களின் அமைப்பையும் காணலாம். ஆனால் கையில் எடுத்தால் கல்லின் எடை; தட்டினால் கல்லின் ஒலி.

உப்பில் பொருள் அப்படியே இருக்க வடிவம் அழிகிறது. கல்மரத்தில் வடிவம் அப்படியே இருக்கப் பொருள் மாறிவிட்டது. திண்மத்தில் பொருளும் வடிவமும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

படிக உருவமற்ற திண்மங்கள்

சில திண்மங்களில் துகள்கள் நெருங்கியிருந்தாலும் நீண்ட தொலைவுக்கு ஒழுங்கு இருப்பதில்லை. கண்ணாடி, ரப்பர், தார், பல நெகிழிகள் ஆகியன இவ்வகையின. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்சும் தூய சிலிக்காக் கண்ணாடியும் ஒரே வேதிச் சேர்மம். முன்னதில் ஒழுங்கு உண்டு, பின்னதில் இல்லை. இவ்வகைத் திண்மங்களுக்குத் திட்டமான உருகுநிலை இல்லை. சூடேற்றும்போது படிப்படியாக இளகும்.

வெப்ப விரிவு

துகள்களின் அதிர்வு பெருகும்போது அவற்றுக்கிடையேயான சராசரித் தொலைவு கூடுவதால், பெரும்பாலான திண்மங்கள் சூட்டில் விரிகின்றன. 10 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம், வெப்பநிலை 30 டிகிரி உயரும்போது சுமார் 3.6 மில்லிமீட்டர் நீளும். விழுப்புரம் போன்ற பெரிய சந்திப்புகளிலிருந்து பிரியும் நீண்ட பாதைகளில் இச்சிறு விரிவுகள் கூடிப் பெரிதாகும் என்பதால், பாதை அமைக்கும்போதே இவை கணக்கில் கொள்ளப்படுகின்றன.

பொதுவான தவறான புரிதல்கள்

மணல் நீர்மம் போல வழிவதால் அது திண்மம் அன்று என்று சில மாணவர்கள் கருதுவர். ஒவ்வொரு மணலும் தன் வடிவத்தை மாற்றுவதில்லை. மணல்களுக்கு இடையேதான் பிணைப்பு இல்லை. ஆகவே மணல் என்பது பல திண்மங்களின் குவியல். உப்பு, சர்க்கரை, மாவு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

பழைய சன்னல் கண்ணாடிகள் அடியில் தடித்திருப்பது கண்ணாடி மெல்ல வழிவதால் என்னும் கருத்தும் தவறு. அக்காலத் தயாரிப்பு முறையில் தகடுகள் சீரான தடிமனோடு அமையவில்லை என்பதே காரணம்.

எல்லாத் திண்மங்களும் உருகிய பின்னரே ஆவியாகும் என்பதும் சரியன்று. கற்பூரம் திறந்து வைத்தால் நீர்மமாகாமலேயே ஆவியாகிக் கரைகிறது. இது பதங்கமாதல் எனப்படும். கற்பூரத்தின் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு வலுவற்றது என்பதே இதன் காரணம்.

ஆய்வு வரலாறு

படிகங்களின் வழியாகச் செல்லும் எக்சு கதிர்கள் விளிம்பு விளைவு அடைவதை 1912இல் மாக்சு வான் லாவேயும் அவருடைய துணைவர்களும் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டு வில்லியம் பிராக்கும் அவருடைய மகன் லாரன்சு பிராக்கும் இம்முறையால் சமையல் உப்பின் உள்ளமைப்பை அறிந்தனர். உப்புப் படிகத்தில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை என்பது அதனால் தெளிவானது. இதற்காக இருவரும் 1915இல் நோபல் பரிசு பெற்றனர்.

தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருட்டிணன், படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதை அளந்தறிந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் படிகவியல் ஆய்வை வளர்த்தார்.

பாதுகாப்பு

கரைந்த உப்பு அடுத்த வெயிலில் மீண்டும் விளையும். கல்மரம் அவ்வாறு மீண்டும் உருவாவதற்கு மனித வாழ்நாள் போதாது. திருவக்கரைக்கு வருவோர் நினைவுக்காக எடுத்துச் செல்லும் ஒரு சிறு துண்டும், அந்த மரத்தின் வளையங்களில் பதிந்துள்ள பழங்காலத் தட்பவெப்பச் செய்தியின் ஒரு பகுதியே. பூங்காவில் உள்ளவற்றைத் தொட்டுப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கற்பதற்குப் போதும். அவற்றைக் கிடந்த இடத்திலேயே விட்டு வருவது அடுத்து வரும் மாணவர்களுக்கும் பயன்படும்.