ஆராய்ச்சிக்கும் உதவித்தொகை உண்டு

தங்கத்தால் மட்டுமன்று, விஞ்ஞானத்தாலும் உலகறிந்தது நம் தங்கவயல். 1951ஆம் ஆண்டில், ஹோமி பாபாவின் தூண்டுதலால், பி. வி. ஸ்ரீகண்டன் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் காஸ்மிக் கதிர்களை அளக்க நம் சுரங்கத்தில் இறங்கினார். பின்னாளில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவடு கண்டறியப்பட்டது. அத்தனை ஆழத்துக்கு எத்தனை துகள்கள் வந்து சேரும் என்று கணக்கிட்டு, கருவி காட்டிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டே விஞ்ஞானிகள் உண்மையைத் துணிந்தனர். அத்தகைய கணக்குகளைக் கணிப்பொறியில் மாதிரியாக அமைத்து ஆராய்வது இன்று தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் அத்துறை உண்டு.

2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், ஊரிகத்து இளைஞர் பலர் வேலைக்காக அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். எம்.எஸ்ஸி. தேறிய பிள்ளையையும், “இனியும் படிக்க வைக்கப் பணமேது?” என்று நம்மில் பலர் நிறுத்திவிடுகிறோம். அன்பர்களே! டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு அரசே பணம் தருகிறது. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறி, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடமும் பெற்றால், 2023ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பணி நிறைவளித்தால் பின்னர் 42,000 ரூபாய். எம்.எஸ்ஸி.யில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் 50 போதும். வயது வரம்பும் உண்டாதலால் தாமதித்தல் ஆகாது.

உலகோர் தேடி வந்து ஆராய்ந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள், வழி அறியாமையால் பின்தங்கிவிடலாகாது. இச்செய்தியை அண்டை வீட்டாருக்கும் அறிவிப்போமாக!