தேசிக்காய் வைப்பதில் என்ன நட்டம்?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஒரு காலம் தாவரவியல் படிப்பித்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துக்காரர், 1928இல் இலங்கைக்கு வந்தார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை இருத்திப் பேசி, பேய்க்குப் பின்னால் ஒளிந்திருந்த வீட்டுத் துயரை வெளியே எடுப்பதைப் பிற்கால வேலையாக்கிக்கொண்டார். 1963இல் ஓர் அறைகூவல் விட்டார்: மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய். தண்ணீர்மேல் நடக்கத்தான் வேண்டுமென்றில்லை. முத்திரையிட்ட உறைக்குள் கிடக்கும் காசுத்தாளின் இலக்கத்தை வாசித்தாலே போதும். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தக் காசை யாரும் வெல்லவில்லை.

ஆனாலும் குடாநாட்டில் புது மோட்டார் சைக்கிள் சில்லுக்கடியில் தேசிக்காயை நசித்துவிட்டுத்தான் றோட்டுக்கு ஏறுகிறது. வெளிக்கிடும் நேரம் பல்லி சொன்னால் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எதிர்ப்படுவது யாரென்று முழுவியளம் பார்ப்பதில் பட்டதாரியும் விலக்கில்லை. படிப்புக்குப் பேர்போன ஊர் இது. ஆகவே அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது சோம்பல்.

தேசிக்காய் விபத்தைத் தடுக்குமா என்று வைப்பவரிடமே கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். “வைக்கிறதிலை என்ன நட்டம்?” என்பார். அவர் நம்பவில்லை; ஆனாலும் வைக்கிறார். சிக்காகோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜேன் ரைசன் 2016இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். ஓர் எண்ணம் பிழையென்று கண்டுபிடிப்பதும் அதைத் திருத்துவதும் மனத்தில் இரண்டு தனி வேலைகள். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமல் விடலாம் என்கிறார் அவர். திருத்துவதில் இலாபம் சொற்பம். வைக்காமல் விட்டு, பிள்ளை விழுந்து கால் முறிந்தால்? “வைச்சிருக்கலாமே” என்ற குத்தல் ஆயுளுக்கும் போகாது. கோவூரின் பந்தயம் முதல் வேலைக்குத்தான் உதவியது.

பல்லியின் பலம் நம் ஞாபகத்தில் இருக்கிறது. அது பொழுதுபட்டால் எத்தனையோ தடவை சொல்லும். ஒன்றும் நடக்காத நாட்களை யாரும் எழுதி வைப்பதில்லை. அலுவல் பிழைத்த ஒரு நாள் மட்டும் கதையாகிறது.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. பசிபிக்கின் துரோபிரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி கண்டது அது. ஆபத்தில்லாத உட்களப்பில் மீன் பிடிக்க அந்த மக்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை. உயிராபத்தும் நிச்சயமின்மையும் கொண்ட திறந்த கடலுக்கு விரிவான சடங்குகளோடுதான் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிக்கும் கடலேரியையும், பருத்தித்துறைக்கு வெளியே வாடைக்காற்றில் குமுறும் கடலையும் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நம் கை எட்டாத இடத்தில் சடங்கு முளைக்கிறது.

1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலிய உளவியலாளர் ஜியோரா கெய்னான் 174 பேரிடம் விசாரித்தார். ஏவுகணை விழும் பகுதிகளில் இருந்தவர்களிடம் மந்திரச் சிந்தனை கூடுதலாக இருந்தது. பங்கருக்குள் பதுங்கி, தலைக்கு மேலே விமானம் வட்டமடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்கு இந்த முடிவு புதினமாக இராது.

இங்கே போர் 2009இல் முடிந்தது, நிச்சயமின்மை முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மார் சாத்திரம் கேட்கப் போகிறார்கள். “உயிரோடை இருக்கிறான்” என்று சாத்திரி சொன்னால், அதைப் பொய்யென்று காட்ட ஒரு சான்றும் இல்லை. உடல் இல்லை, பதிவும் இல்லை. இதை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. பதில் சொல்லவேண்டியவர்கள் சொல்லாத கேள்வி அது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் அந்தத் தாய்மார் தெருவோரப் போராட்டத்தில் குந்தினார்கள். சாத்திரியிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அங்கேயும் கேட்டார்கள்.