வாத்தியார்கள் மாணாக்கராகும் கோடை

அமெரிக்கக் கலாசாலைகளில் கோடை விடுமுறை தொடங்கி மாணாக்கர் வீடு திரும்பியதும், அவர்களுக்குப் போதித்த பேராசிரியர்களில் ஒரு சாரார், தாம் போதிக்கும் விஷயத்தையே புதிதாகப் பயில்வதற்காகச் சில வாரங்கள் வேறொரு சர்வகலாசாலையில் கூடி, தாமே மாணாக்கராய் அமர்வது வழக்கம். இலக்கியம், சரித்திரம், தத்துவம் ஆகியவற்றின் போஷணைக்கென அந்நாட்டு அரசாங்கம் 1965இல் ஏற்படுத்திய தேசிய நிதியமைப்பு இத்தகைய வகுப்புகளுக்குப் பொருளுதவி செய்துவந்திருக்கிறது. அமெரிக்க சங்கீத சரித்திரமும் அவ்வாறு எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயங்களுள் ஒன்று.

சொந்த நாட்டுச் சங்கீதத்துக்கு இவ்வளவு பிரயாசையா என்று கேட்கத் தோன்றும். நெடுங்காலம் அங்கே சங்கீதக் கல்வி என்றால் பாக்கும் பேத்தோவனும்தான். பருத்திக் காட்டில் அடிமைகள் பாடியதைச் சரித்திரமாக மதித்தவர் சிலரே. 1955இல் அமெரிக்க சங்கீதத்தைப் பற்றிக் கில்பர்ட் சேஸ் எழுதிய நூலும், 1971இல் கறுப்பரின் சங்கீதத்தைப் பற்றி ஐலீன் சதர்ன் என்ற அம்மையார் எழுதிய நூலும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. ஆயினும் நூல் வந்துவிட்டால் போதுமா? பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நழுவிச் செல்லும், கறுப்பரின் ப்ளூஸ் பாட்டு ஸ்வரத்தை, ஐரோப்பிய ஸ்வரக்குறிப்பிலேயே ஊறிய ஆசிரியர் எப்படிக் கற்பிப்பார்? கமகத்தைக் காகிதத்தில் பிடிக்க முயன்றவர்களுக்கு அந்தச் சங்கடம் விளங்கும். பழைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கூச்சத்தை விட்டுத் தாமும் பாடிப் பார்ப்பதைத் தவிர அதற்கு மார்க்கம் இல்லை.

மலேசியாவின் கேமரன் மலையில் கியா பார்மைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளிலே கொழுந்து பறித்த தமிழ்த் தலைமுறைகளை அறிந்த நமக்கு, உழைப்பாளிகளின் பாட்டு சரித்திரத்தில் ஏறாத இந்நிலை அந்நியமான விஷயமன்று. தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த கங்காணி முறையும் அடிமை முறையும் ஒன்றாகமாட்டா. ஆனால் ஏட்டில் ஏறாத பாட்டு, பாடியவரோடு போய்விடும் அபாயம் இரண்டிடத்திலும் ஒன்றே. தாலாட்டையும் ஒப்பாரியையும் உறுமி மேளத்தையும் எந்தக் கல்லூரி ஆசிரியர் கோடையில் உட்கார்ந்து கற்றார்?

அமெரிக்க சங்கீதக் கல்வியின் கதையில் தமிழரும் உண்டு. கனெக்டிகட்டிலுள்ள வெஸ்லியன் சர்வகலாசாலையில் வீணை தனம்மாளின் பேரர்களான ரங்கநாதன் மிருதங்கமும் விசுவநாதன் புல்லாங்குழலும் போதித்தார்கள். அவர்களுடைய சகோதரி பாலசரஸ்வதியும் அந்நாட்டில் நாட்டியம் கற்பித்தார். வெஸ்லியனில் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ் சென்னைக்கு வந்து 1965இல் திருவையாற்று ஆராதனையில் பாடினார்; 1971இல் டொராண்டோவின் யார்க் சர்வகலாசாலையில் திருச்சி சங்கரனோடு சேர்ந்து கர்நாடக சங்கீதக் கல்விக்கு அடிகோலினார். அவரை எந்த தேசத்துச் சங்கீத சரித்திரத்தில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் தொல்லையை அந்தக் கோடைப் பேராசிரியர்களுக்கே விட்டுவிடலாம்.