நாமினி பெயர் போட்டால் சொத்து அவருக்கா?



முகத்துவாரக்குப்பத்திலிருந்து ராயபுரம் வரை நம் பிள்ளைகள் செல்போனிலேயே டீமேட் கணக்கு திறந்து ஷேர் வாங்குகிறார்கள். எந்த ஷேர் கூடும், எது கூடாது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்ல வருவது வேறு: கணக்குக்காரர் மவுத்தானால் அந்த ஷேர் யாருக்கு?

"நாமினிக்குத்தானே" என்று பலர் எங்களிடம் சொல்கிறார்கள். அது தவறு. சக்தி யெஸ்தானி வழக்கில் 2023 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நாமினி ஷேரைக் கையில் வாங்குபவர் மட்டுமே. சொத்து, வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுகளுக்கே.

நமக்கு அந்தச் சட்டம் ஷரீஅத். 1937ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்கிறது. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகளை விட்டுச் செல்கிறார் என்று வைப்போம். அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர், வஸிய்யத் எல்லாம் போக 7,20,000 ரூபாய் மிச்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 90,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 1,20,000. மீதியில் மகனுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000. நாமினி மகன் மட்டும் என்றால் முழுவதும் அவர் கணக்கில்தான் ஏறும். அதில் 3,80,000 அவரிடம் உள்ள அமானிதம். தராவிட்டால் தங்கை கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் நம் வீட்டுத் தங்கைகள் அண்ணன்மீது வழக்குப் போடுவதில்லை. எங்கள் கவலையே அதுதான்.

கூட்டுக் கணக்கில் மூன்று பேர் வரை இருக்கலாம். ஒருவர் இறந்தால் ஷேர் மற்றவர்கள் பெயருக்கு மாறும். அவர்கள் இருக்கும்வரை நாமினிக்கு வேலையில்லை. ஆனால் பெயர் மாறியதாலேயே, இறந்தவர் போட்ட பணத்தில் வாரிசுகளுக்குள்ள பங்கு போய்விடாது. சிறு பிள்ளை பெயரில் உள்ள கணக்கு பிள்ளையுடையது, கார்டியன் அதை நடத்துபவர் மட்டுமே.

மிக ஆபத்தானது, "மச்சானுக்கு டிரேடிங் தெரியும்" என்று அவர் கணக்கில் நம் பணத்தைப் போடுவது. சட்டத்தின் கண்ணில் ஷேர் மச்சானுடையது. அவர் மவுத்தானால் அவருடைய வாரிசுகளிடம் போகும். நம் பணம் என்று கேட்கப் போனால் 1988ஆம் ஆண்டு பினாமி தடைச் சட்டம் குறுக்கே நிற்கலாம்.

மனைவிக்கோ மகளுக்கோ இப்போதே கொடுக்க நினைத்தால் ஹிபா செய்யலாம். வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஷேரை அவர் டீமேட் கணக்குக்கே மாற்றிக் கொடுங்கள். ஹிபாவில் ஒப்படைப்பும் ஒரு நிபந்தனை.

செபியின் 2025ஆம் ஆண்டு விதிப்படி நாமினியாக 10 பேர் வரை சதவீதத்தோடு குறிப்பிடலாம். ஹஜ்ரத்திடம் பங்கைக் கணக்கிட்டு, எல்லா வாரிசுகளையும் எழுதுங்கள். வீட்டில் ஒரு பிறப்போ இறப்போ நேர்ந்தால் பங்கும் மாறும், அப்போது திருத்துங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம்.